நிரலாளர் சந்திப்புக்கு பெங்களூரு பஸ்தான் ஏற வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர். பென்னாகரம், அரூர், அஞ்செட்டி, ஊத்தங்கரைப் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. சனிக்கிழமை காலை 10 மணிக்கு அங்கே ஒரு பைத்தான் நிரல்மொழிக் கூட்டம் என்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும், வீடு திரும்ப இரவாகிவிடும். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டத் தலைநகரானது. ரயில் வசதி இன்னும் இல்லை. பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பத் தயங்கும் வீடுகளும் உண்டு. இதனால் கணினி அறிவியல் படிக்கும் நம் மாணவர்கள் பலர், வேலை பார்க்கும் நிரலாளர் ஒருவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

கணினி வரையும் ஓர் இடத்தில் நமக்கென ஓர் உருவம் நடமாடிப் பேசும் மெய்நிகர் உலகங்கள் இணையத்தில் உண்டு. அவற்றுக்குள் நடக்கும் நிரலாளர் சந்திப்புகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். ஆனால் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, முதல் அரை மணி நேரத்திலேயே ‘சரிப்பட்டு வராது’ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அவர்களை விரட்டுவது நிரல் தெரியாமை அல்ல. குரல் கேட்காதது, திரை உறைந்து நிற்பது, நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டது போன்றவைதான். எல்லாமே முதல் நாளே சரிசெய்துவிடக் கூடியவை. அவற்றை விவரமாக எழுதவும், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டக் கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை வைக்கவுமே இக்கடிதம்.

வீடியோ கால் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வீடியோ கூட்டத்தில் முப்பது பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். உரை முடிந்ததும் எல்லோரும் சட்டென்று காணாமல் போவார்கள். நேரில் நடக்கும் சந்திப்பின் பலனோ உரையில் பாதி, உரை முடிந்து டீ குடித்தபடி நிற்கும்போது பாதி. ‘அந்தப் பிழை எனக்கும் வந்தது, இப்படிச் சரிசெய்தேன்’ என்று யாரோ சொல்வது அங்கேதான். மெய்நிகர் உலகில் பேச்சு தூரத்தைப் பொறுத்தது. செகண்ட் லைஃப் என்ற முப்பரிமாண உலகில் சாதாரணமாகத் தட்டச்சு செய்யும் வரி 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் போகும். கத்தினால் 100 மீட்டர், கிசுகிசுத்தால் 10 மீட்டர். குரலும் தள்ளிப் போகப் போகத் தேய்கிறது. வொர்க்அட்வென்ச்சர் என்ற இருபரிமாண உலகில் இருவர் அருகருகே வந்தால் ஒரு குமிழி உருவாகி, அதற்குள் பேச்சு தொடங்குகிறது. வழக்கமான அமைப்பில் ஒரு குமிழிக்கு 4 பேர். ஆக, ஒரே அரங்கில் ஐந்தாறு தனிப் பேச்சுகள் ஒன்றையொன்று கெடுக்காமல் நடக்கும். ஆங்கிலக் கூட்டமாகவே இருந்தாலும் நம் பிள்ளைகள் நால்வர் ஓரமாக நின்று தமிழில் விவாதிக்கலாம். தயங்கும் மாணவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இது நேற்று வந்த விஷயமும் அல்ல. லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃபை 2003இல் திறந்தது. அதே பாணியில் எவரும் சொந்தமாக உலகம் நடத்த உதவும் கட்டற்ற மென்பொருளான ஓப்பன்சிமுலேட்டர் 2007இல் தொடங்கியது; அதன் பயனர்கள் 2013 முதல் தங்கள் மாநாட்டை அந்த உலகத்துக்குள்ளேயே நடத்துகிறார்கள். ஜெர்மனியின் கணினி ஆர்வலர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், 2020 டிசம்பரில் நேரில் கூட முடியாதபோது, தன் ஆண்டிறுதிக் கூடுகைக்கு வொர்க்அட்வென்ச்சரில் ஓர் உலகத்தையே கட்டியது. உலகங்கள் மூடப்படுவதும் உண்டு. மொஸில்லா நிறுவனம் 2018இல் தொடங்கிய ஹப்ஸ் என்ற மெய்நிகர் உலகச் சேவையை 2024 மே 31ஆம் தேதியோடு நிறுத்தியது. மென்பொருள் கட்டற்றது என்பதால் ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். ஆகவே சந்திப்பின் குறிப்புகள், நிரல்கள், தொடர்புகள் எதையும் அந்த உலகத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள். நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட் களஞ்சியம் ஒன்றில் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

எந்த உலகம் என்பதைக் கையில் உள்ள கணினிதான் முடிவு செய்ய வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி என்றால் உலாவியில் ஓடும் இருபரிமாண உலகமே உத்தமம். முப்பரிமாணம் வேண்டுமானால் லுவான்டி உண்டு. மைன்டெஸ்ட் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பீர்கள், 2024இல் பெயர் மாறியது. மிகக் குறைந்த வசதியிலும் ஓடும், அதன் நீட்சிகளை லுவா மொழியில் எழுதலாம். செகண்ட் லைஃப், ஓப்பன்சிமுலேட்டர் இரண்டுக்கும் வியூவர் என்ற தனி மென்பொருள் வேண்டும். பலரும் பயன்படுத்துவது ஃபயர்ஸ்டார்ம். 8 ஜிபி ரேம் இருந்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் அமைப்புகளைக் குறைத்தே ஆக வேண்டும். பார்வைத் தூரம் பொதுவாக 128 மீட்டரில் இருக்கும். அரங்கத்துக்குள் உட்கார 48 அல்லது 64 போதும். நிழல்களை அணையுங்கள். முழு விவரத்தோடு வரையப்படும் உருவங்களின் எண்ணிக்கையை ஐந்தாறாகக் குறையுங்கள். மற்றவர்கள் எளிய உருவமாகத் தெரிவார்கள், பேச்சுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. கூட்டத்தில் திரை தடுமாறுவதற்கு முதல் காரணம் அரங்கம் அல்ல, மற்றவர்களின் உடையும் தலைமுடியும்தான். உங்கள் உருவத்தையும் எளிமையாக வைத்துக்கொள்வது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

முதல்முறை ஓர் அரங்கில் இறங்கும்போது சுவர், நாற்காலி, மனிதர் என எல்லாம் இணையத்திலிருந்து கீழே இறங்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் கூட்ட நேரத்தில் இதைச் செய்தால் சாம்பல் நிற உலகத்தில்தான் நிற்பார்கள். முந்தைய நாளே அதே இடத்துக்குப் போய், நாலு பக்கமும் திரும்பி, பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். எல்லாம் கணினியின் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் தங்கிவிடும். மறுநாள் செலவாகப் போவது பெரும்பாலும் குரலும் அசைவும்தான். குரல் மிகச் சிறியது: 40 கிலோபிட் வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு 18 எம்பி. ஃபயர்ஸ்டார்மில் ‘அதிகபட்ச அலைவரிசை’ என்ற அமைப்பைக் கண்டதும் வேகம் வேண்டுமென்று ஏற்றிவிடுவது வழக்கமான தவறு. அதை 1500 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் வைக்கக் கூடாது. அது படங்கள் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. செர்வரோடு பேசும் யுடிபி என்ற செய்திப் பாதையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஏற்றினால் பொதிகள் எனப்படும் தகவல் துண்டுகள் தொலைந்து, நடக்கும்போது உருவம் பின்னால் இழுக்கப்படும்.

இனி, கல்லூரி லேப்களில் பெரும்பாலான முயற்சிகள் செத்துப்போகும் இடம். வெளித்தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வால். பல லேப்களில் போர்ட் எனப்படும் வாசல்களில், இணையப் பக்கங்கள் வரும் டிசிபி 80, 443 இரண்டு மட்டுமே திறந்திருக்கும். அந்த நிலையில் என்ன நடக்கும் என்பதை அறிகுறியைக் கொண்டே சொல்லிவிடலாம். உலாவி உலகமாக இருந்தால், பக்கம் திறக்கும், உருவம் நடக்கும், எதிரில் இருப்பவரின் குரலும் வீடியோவும் மட்டும் வராது. நடப்பதற்கான செய்திகள் 443 வழியாகப் போகின்றன. குரல், உலாவிகளின் நேரடிப் பேச்சு முறையான வெப்ஆர்டிசியில் யுடிபி தேடுகிறது, வழியில்லை. பெரிய குழுப் பேச்சுக்கு ஜிட்சி என்ற வீடியோ கூட்ட மென்பொருள் இணைக்கப்பட்டிருந்தால் அதற்கு யுடிபி 10000 வேண்டும். செகண்ட் லைஃபாக இருந்தால், கடவுச்சொல் ஏற்கப்படும், முன்னேற்றப் பட்டை நகரும், பிறகு பிராந்தியத்தோடு, அதாவது நீங்கள் இறங்கும் நிலத்துண்டோடு, கைகுலுக்கக் காத்திருப்பதாக ஒரு வரியில் நின்றுவிடும். மாணவர்கள் உடனே கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள், மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். இரண்டும் வீண். உள்நுழைவு 443இல் முடிந்துவிட்டது. உலகம் யுடிபியில் வருகிறது. வெளியே செல்லும் திசையில் யுடிபி 12000 முதல் 29999 வரை, டிசிபி 443, 12043, 12046 ஆகியவற்றைத் திறந்தால் கதவு திறக்கும். சந்தேகமிருந்தால் அதே கணினியை ஒரு கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்து லேபில் செய்யாவிட்டால் கோளாறு ஃபயர்வாலில்தான்; நெட்வொர்க் பொறுப்பாளரிடம் காட்ட இந்த ஒரு சோதனையே போதும்.

உள்ளே போன பிறகு தடுமாறினால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளிவிவரப் பட்டை திறக்கும். நொடிக்கு எத்தனை முறை திரை வரையப்படுகிறது என்ற பிரேம் வேகம் குறைவாக இருந்தால் உங்கள் கணினிக்குச் சுமை, கிராஃபிக்ஸைக் குறையுங்கள். பொதி இழப்பு பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் உங்கள் வைஃபை. ரூட்டர் பக்கம் நகருங்கள் அல்லது கேபிள் போடுங்கள். செர்வரின் ஓட்டத்தைக் காட்டும் டைம் டைலேஷன் 1.0இலிருந்து நன்றாக இறங்கினால் செர்வருக்கே சுமை. நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். நம் ஊரிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குச் செய்தி போய்த் திரும்பக் கால் நொடி அளவு ஆகிறது. எனவே நடக்கும் விசையை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி நடக்க வேண்டும்; நாற்காலியில் உட்கார அதன் மீது நேரடியாகச் சொடுக்குங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்கினால் குரல்கள் மோதாது.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். படம் மங்கினால் கூட்டம் நடக்கும், ஒலி கெட்டால் கூட்டமே இல்லை. லேப் மேசைக் கணினிகளில் பச்சை, ரோஸ் என இரண்டு துளைகள் இருக்கும். பச்சை காதுக்கு, ரோஸ் மைக்குக்கு. மாணவர் கொண்டுவருவது கைப்பேசியோடு வரும் இயர்போன். அதன் ஒரே பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், காதும் மைக்கும் அதிலேயே. அதைப் பச்சைத் துளையில் செருகினால் கேட்கும், பேச முடியாது. மென்பொருளில் எத்தனை அமைப்பை மாற்றினாலும் பேச முடியாது. ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ இணைப்பான் வாங்க வேண்டும். கைப்பேசி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பிரிப்பான் என்று மட்டும் கேட்டால் இரண்டு பேர் பாட்டுக் கேட்க உதவும் வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனி முனை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பி ஹெட்செட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

ப்ளூடூத் இயர்பட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பழைய ப்ளூடூத் இணைப்பு பாட்டுக் கேட்கும் முறையிலிருந்து தொலைபேசி முறைக்கு மாறிவிடும். ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைத் தடமாகச் சுருங்கும். இடது பக்கம் நிற்பவர் குரல் இடது காதில் கேட்க வேண்டிய உலகில் எல்லாமே நடுவில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். காதுக்கு இயர்பட்ஸையும் மைக்குக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்தால் ஒலி மீண்டும் தெளியும். மின்விசிறிக் காற்று நேரே மைக்கில் மோதினால் கேட்பவர்களுக்குப் புயல். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் கன்னத்தோரம் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஒரே லேபில் பத்துப் பேர் ஸ்பீக்கர் போட்டு உட்கார்ந்தால் எதிரொலியைத் தடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஒன்று, அனைவருக்கும் ஹெட்செட். இல்லையென்றால் ஒரு கணினியில் மட்டும் மைக், மற்றவை ஊமை.

இன்னொரு சிறிய அமைப்பு. செகண்ட் லைஃப் வியூவரில் ஒலியைக் கேமரா இருக்கும் இடத்திலிருந்து கேட்பதா, உருவம் இருக்கும் இடத்திலிருந்து கேட்பதா என்று தேர்வு செய்யலாம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்தால் கேமரா நிலை என்று வைத்துக்கொண்டு, ஆல்ட் விசையும் மவுஸும் கொண்டு கேமராவை மேடைக்கு நகர்த்துங்கள். திரையும் தெளிவாகத் தெரியும், பேச்சாளர் குரலும் பக்கத்தில் வரும். ஓரமாக நின்று நண்பர்களோடு பேசும்போது உருவ நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் அறிய வேண்டிய கணக்கு ஒன்று. செகண்ட் லைஃபில் ஸ்கிரிப்ட், அதாவது பொருளுக்குள் வைக்கும் நிரல், பேசும் ஒரு செய்திக்கு எல்லை 1024 பைட். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. ‘தமிழ்’ என்று எழுதினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, 15 பைட். ஆக ஏறத்தாழ 340 குறியீட்டோடு செய்தி முடிந்துவிடும். உங்கள் ஸ்கிரிப்டின் தமிழ் வரி பாதியில் அறுந்தால் நிரலில் பிழை தேடாதீர்கள். செய்தியை இரண்டாக உடைத்து அனுப்புங்கள். எழுத்துகளைத் தானே வரையும் மென்பொருளில் கூட்டெழுத்தை ஒழுங்குபடுத்தும் பகுதி இல்லாவிட்டால் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உலாவி உலகங்களில் எழுத்தை வரைவது உலாவியே என்பதால் தமிழ் ஒழுங்காக வரும். தமிழ்ச் சந்திப்பு நடத்துவோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கில் ஏமாறுவோர் ஏராளம். செகண்ட் லைஃப் அறிவிப்புகள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் வரும். அங்கே காலை 10 என்றால் ஜூலையில் நமக்கு இரவு 10.30, ஜனவரியில் இரவு 11.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் பழைய கூட்டல் கணக்கு பொய்க்கும். உலகப் பொது நேரமான யுடிசியைக் கேட்டு வாங்கி 5.30 மணி கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு. கிழமையையும் கவனியுங்கள்: கோடையில் அங்கே சனி மாலை 5 மணிக் கூட்டம் நமக்கு ஞாயிறு காலை 5.30. விடுதிகளில் இரவு வைஃபை அணைக்கப்படும் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட காலைக் கூட்டங்களே தோது.

சந்திப்பில் பேசப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேடைத் திரையில் காட்டும் ஸ்லைடு, பொருள் ஒன்றின் மீது ஒட்டப்படும் படம். 1024க்கு 1024 புள்ளி அளவில் செகண்ட் லைஃபில் ஏற்ற ஒரு படத்துக்கு அந்த உலக நாணயத்தில் 10 லிண்டன் டாலர். அந்த அளவில் பத்துப் பதினைந்து வரி நிரலுக்கு மேல் வைத்தால் பின்வரிசைக்குப் படிக்க வராது. புதுப் படம் வந்தவுடன் முதலில் மங்கலாகத்தான் தெரியும், மெல்லத் தெளியும். அடுத்த ஸ்லைடை மேடையின் ஓரத்தில் சிறிய பலகை ஒன்றில் முன்கூட்டியே ஒட்டி வைத்தால் எல்லோருடைய கணினியும் அதை இறக்கி வைத்துக்கொள்ளும். மாற்றியவுடன் பளிச்சென்று வரும். பொருளின் மீது இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுவதும் முடியும், ஆனால் ஒவ்வொருவர் கணினியும் அந்தப் பக்கத்தைத் தனித்தனியே திறக்கிறது. நீங்கள் கீழே உருட்டிவிட்டு ‘இந்த வரியைப் பாருங்கள்’ என்றால் மற்றவர் திரையில் அது இன்னும் மேலேயே நிற்கும். வரி எண் சொல்லிப் பேசுங்கள். நிரலைச் சாட்டில் ஒட்டாதீர்கள், இணைப்பு கொடுங்கள்.

மெய்நிகர் உலகத்தில் நிரல் கற்பதன் உண்மையான இன்பம், எழுதியது கண்ணெதிரே அசைவது. செகண்ட் லைஃபின் லிண்டன் ஸ்கிரிப்ட் மொழி நிலைகளும் நிகழ்வுகளும் கொண்டு கட்டப்பட்டது. ஒரு கதவுக்கு மூடிய நிலை ஒன்று, திறந்த நிலை ஒன்று. யாராவது தொட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும். பாடப்புத்தகத்தில் வட்டமும் அம்புமாகப் படித்த நிலை இயந்திரத்தை மாணவர் கையால் தள்ளித் திறக்கிறார். ஒரு ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் நினைவகம் 64 கிலோபைட். அதற்குள் எழுதப் பழகுவதே நல்ல பயிற்சி. புதியவர்கள் தங்கள் பொருளைப் பொதுப் பேச்சான 0ஆம் சேனலைக் கேட்க வைத்துவிடுகிறார்கள். அரங்கில் பேசப்படும் ஒவ்வொரு வரிக்கும் அது விழித்தெழுந்து செர்வரைச் சோர்வடையச் செய்யும். 0 அல்லாத வேறு எண் கொண்ட சேனலைக் கேட்கச் செய்யுங்கள்.

வெளியுலகச் சந்திப்புக்குப் போகுமுன் நம் லேபுக்குள்ளேயே ஓர் உலகம் நடத்திப் பார்க்கலாம், இணையமே தேவையில்லை. லுவான்டி என்றால் ஒரு கணினி செர்வர், யுடிபி 30000. எஞ்சினோடு விளையாட்டு எதுவும் சேர்ந்து வராததால் உள்ளடக்கப் பட்டியலிலிருந்து ஒன்றை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஓப்பன்சிமுலேட்டருக்கு 8 ஜிபி ரேமும் லினக்ஸும் உள்ள ஒரு கணினி போதும். புதிய பதிப்புகளுக்கு டாட்நெட் 8 என்ற துணை மென்பொருள் வேண்டும். மாதிரி அமைப்புக் கோப்புகளை ‘எக்ஸாம்பிள்’ என்ற பின்னொட்டு நீக்கிப் பிரதியெடுத்து, தனித்து இயங்கும் முறையைத் தேர்ந்து, தொடங்கும்போது அது கேட்கும் பிராந்தியப் பெயர், உரிமையாளர் விவரங்களைக் கொடுக்க வேண்டும். வெளி முகவரி கேட்கும் இடத்தில் அந்தக் கணினியின் லேப் ஐபி முகவரியை எழுதுங்கள். அங்கே தவறினால் செர்வர் கணினியில் மட்டும் உலகம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. போர்ட் 9000, டிசிபி யுடிபி இரண்டிலும். மாணவர் கணினிகளில் ஃபயர்ஸ்டார்மின் ஓப்பன்சிம் பதிப்பைத்தான் நிறுவ வேண்டும். செகண்ட் லைஃபுக்கான பதிப்பில் உள்ள, ஹேவோக் என்ற இயற்பியல் கணக்குப் பகுதியின் உரிமம் வேறு உலகங்களை அனுமதிப்பதில்லை. குரலுக்கு மம்பிள் என்ற பேச்சு மென்பொருளின் செர்வரைத் தனியே வைக்கலாம், போர்ட் 64738. உலாவி உலகத்தை லேபில் நிறுவுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியில்தான் உலாவி மைக்கைத் தரும். வெறும் ஐபி முகவரியில் எச்டிடிபியாகத் திறந்தால் அனுமதி கேட்கும் பெட்டியே வராது.

வீட்டிலிருந்து ஓர் உலகத்தை வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிட நினைப்பவர்கள் தங்கள் இணைப்பு பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து அணுகக்கூடிய தனி முகவரி, தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மொபைல் இணைப்புகளிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் போர்ட் திறந்துவிட வழியிருக்காது. வாடகை செர்வர்தான் வழி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கலந்துகொள்ள இலவசக் கணக்கே போதும், வங்கி அட்டை விவரம் தேவையில்லை. செகண்ட் லைஃபில் இடங்கள் பொது, மிதம், வயதுவந்தோர் என்று தரம் பிரிக்கப்பட்டுள்ளன. நிரலாளர் சந்திப்பு எந்த வகை இடத்தில் நடக்கிறது என்பதைப் பார்த்து, பொது இடமாக இருந்தால் அனுப்புங்கள். புனைபெயரில் போவது அங்கே இயல்பு, அது ஒளிவு மறைவு அல்ல. சொந்தப் பெயரும் முகமும் வெளியே தெரியாதபோது நம் பெண் பிள்ளைகள் எத்தனை துணிச்சலாகக் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தால் பெற்றோர்களே நுழைத்துவிடுவீர்கள். கைப்பேசி எண், ஊர், கல்லூரிப் பெயர் கொடுக்க வேண்டாம். தொந்தரவு செய்பவரைச் சொடுக்கி முடக்குவது எப்படி என்பதை நடக்கக் கற்கும் அன்றே கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

கோரிக்கைக்கு வருகிறேன். பர்கூர், தருமபுரி அரசு பொறியியல் கல்லூரிகளும், இரு மாவட்டங்களின் கலைக் கல்லூரிகளும், பாலிடெக்னிக்குகளும் மாதம் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒரு லேபைத் திறந்து வைக்க வேண்டும். மேலே சொன்ன போர்ட்களை அந்த ஒரு லேபுக்கு மட்டும், அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் திறக்கலாம். இதனால் கல்லூரி நெட்வொர்க் முழுதும் திறந்துவிடப்படும் என்ற அச்சம் வேண்டியதில்லை. பத்து யுஎஸ்பி ஹெட்செட் வாங்கி லேபிலேயே வைத்தால் செலவு அத்தோடு முடிந்தது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் ஜிட்சியில் தமிழில் கூடுகிறது. அங்கே கேட்டுப் பழகிய மாணவர்கள் நம் லேபில் இருந்தால் முதல் கூட்டத்தை அவர்களே நடத்திவிடுவார்கள்.

தேதி குறிக்குமுன் உங்கள் நாளிதழில் வரும் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். சித்திரை, வைகாசி மாலைகளில் இடிமழைக்கு மின்சாரம் போவது நம் பக்கம் வழக்கம். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று இருந்தால் மடிக்கணினிகள் பேட்டரியில் தொடரும். முந்தைய நாள் மாலை அதே கணினி, அதே ஹெட்செட், அதே நாற்காலியில் கால் மணி நேரம் ஒத்திகை பார்க்க வேண்டும். முதல் கூடுகைக்கு 12 பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். குரல் வராதவர் யார் என்று தேடிச் சரிசெய்ய ஒருவர் பேச்சில் கலக்காமல் தனியே இருக்கட்டும். அந்த ஆள் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நிரல் பயிற்றுநர்கள் சார்பில் ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.